சுவரில் தொங்கிய உலகம்

1584ஆம் ஆண்டு. தென்சீனத்துச் சாவ்சிங் நகரில் இயேசு சபையினரின் சிறிய இல்லத்துச் சுவரில் ஐரோப்பிய உலகப் படமொன்று தொங்கிக்கொண்டிருந்தது. காண வந்த சீன அறிஞர்கள் திகைத்தனர். அவர்கள் அறிந்திருந்த படங்களில் சீனமே ஏறத்தாழ உலகம் முழுவதையும் நிரப்பி நிற்கும். பிற நாடுகள் ஓரங்களில் சிறு தீவுகளாய் ஒதுங்கிக் கிடக்கும். இப்படத்திலோ அவர்தம் பேரரசு கீழ்த்திசை ஓரத்தில் இருந்தது.

இல்லத்தில் வாழ்ந்த மத்தேயு ரிச்சி அடிகள் இத்தாலியர். 1578இல் கோவாவில் வந்திறங்கி, 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582இல் மக்காவு சென்றவர். நகரின் ஆளுநர் அப்படத்தைச் சீன எழுத்தில் வரைந்து தருமாறு கேட்டார். ரிச்சி நாடுகளின் அளவைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. படத்தின் இரு விளிம்புகளும் எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் மாற்றினார். சீனம் நடுப்பகுதிக்கு வந்தது. ஐரோப்பா மேற்கு ஓரத்திற்கு நகர்ந்தது. முகத்துதி என்று இதனைப் பழிப்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உருண்டையின் மேற்பரப்பில் நடு என்று ஒன்று கிடையாது. அதை அறிந்தவர்தான் தம் சொந்த நாட்டை மனங்கோணாமல் ஓரத்தில் வைக்க முடியும்.

இன்று நம் பள்ளிகளில் புவியியல் ஆசிரியரின் கைக்குக் கணினி வந்திருக்கிறது. 2005இல் கூகுள் எர்த் வெளிவந்தது. 2009இல் நம் இஸ்ரோ நிறுவனம் 'புவன்' என்னும் வரைபடத் தளத்தைத் தொடங்கியது. தலைமையாசிரியர் அறை அலமாரியின் மேல் தூசி படிந்து, மாணவர் விரல் படாமலே முதுமையடைந்த பூகோள உருண்டையை நினைத்துப் பார்க்கிறேன். திரையில் உலகைத் தன் கையாலேயே சுழற்றும் பிள்ளை பேறு பெற்றவன்தான்.

ஆயினும் கைப்பேசி வரைபடத்தைத் திறந்தவுடன் என்ன காண்கிறோம்? நடுவில் ஒரு நீலப் புள்ளி. அது நாம். நாம் நடந்தால் உலகமே நம்மைச் சுற்றி நகர்கிறது. சாவ்சிங் அறிஞர்களின் பழைய படம், ஆளுக்கொன்றாய், நம் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. வழி தேடுவோருக்கு அது உதவும். ஆனால் உலகை அறிய வந்த மாணவனுக்கு அதுவே பாடமாகிவிடலாகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இணைய வரைபடங்களுள் பெரும்பாலானவை, மெர்க்காட்டர் 1569இல் மாலுமிகளுக்காக வகுத்த முறையைத் தழுவியவை. அதில் கோணங்கள் பிழைபடா. ஆகவே தெருமுனைகள் சரியாக அமையும். பரப்போ துருவங்களை நெருங்க நெருங்கப் பெருத்துக்கொண்டே போகும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றும்; உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. இந்தியாவும் கிரீன்லாந்தை விட ஒன்றரை மடங்கு பெரியதே. ஆண்டுக்கணக்கில் ஒரே படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை, வடநாடுகள் பெரியவை, வெப்ப நாடுகள் சிறியவை என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறான்.

இதற்கு மருந்தும் அதே கருவியில்தான் இருக்கிறது. ஒரு நாட்டின் உருவத்தைப் பிடித்திழுத்து வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்கும் தளங்கள் உள்ளன. இந்தியாவைக் கிரீன்லாந்தின் மேல் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். மேலே செல்லச் செல்ல அது வீங்குவதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பார்கள். பின்னர் உருண்டையைச் சுழற்றி, பசிபிக் பெருங்கடலை நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். நம் நாடு எங்கே என்ற கேள்வி வகுப்பிலிருந்து எழும். ஆசிரியர் உடனே விடை சொல்லிவிடாமல் சற்றுக் காத்திருக்கலாம்.

1602இல் பீக்கிங்கில், லி சிசாவ் என்னும் அறிஞரின் துணையுடன் ரிச்சி தம் படத்தை ஆறு நெடும் பலகங்களாக விரித்து அச்சிட்டார். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகள் அதன் வெற்றிடங்களில் நிறைந்திருந்தன. 1610இல் அந்நகரிலேயே அவர் இறந்தார். 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவராக ஏற்றார். இறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1608இல், அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. உலகின் பெரும்பகுதி சீனத்திற்கு வெளியே இருப்பதைக் காட்டும் அந்தப் படத்தின் படிகள் பேரரசருக்கு வேண்டுமாம்.