கடையில் தொங்கிய கறி வீட்டு அடுப்புக்கு வந்த கதை



கலிபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். "அங்கே என்ன பார்த்தீங்க சார்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். கோல்டன் கேட் பாலம் பார்த்தேன், படமும் போட்டாயிற்று. ஆனால் மனதில் நிற்பது பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவின் அடுப்புதான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சைவ உறவுகள் பொறுத்துக்கொள்ளவும். விஷயம் பன்றிக்கறி.

அதன் பெயர் சார் சியூ. (ஆமாம், பெயரிலேயே 'சார்' இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.) தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பேசும் கான்டனீஸ் மொழியில் 'சார்' என்றால் கவைக்கோல், 'சியூ' என்றால் நெருப்பில் வாட்டுவது. கறியை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக அறுத்து, ஊறவைத்து, கோலில் கோத்து வாட்டியதால் வந்த பெயர். பிற்பாடு கோல் போய்க் கொக்கி வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இதில் எனக்கு வியப்பாக இருந்த செய்தி ஒன்று உண்டு. 'கான்டன் சமையல்' என்று கொண்டாடும் இந்தக் கறியை, கான்டன் நகரத்திலும் ஹாங்காங்கிலும் வீட்டில் செய்கிற வழக்கமே பெரிதாக இல்லை!

காரணம் எளியது. அந்த ஊர் வீடுகளில் இருந்தது வாணலி அடுப்பு. வதக்கலாம், அவிக்கலாம், கொதிக்கவைக்கலாம். கறியைத் தொங்கவிட்டுச் சுற்றிலும் அனல் படும்படி வாட்ட, பீப்பாய் போன்ற பெரிய அடுப்பு வேண்டும். ஹாங்காங்கின் தீப்பெட்டி வீடுகளில் அதற்கு ஏது இடம்? ஆகவே அது கடைக்காரர் தொழிலாகவே வளர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கொக்கிகளில் வாத்தும் கோழியும் செக்கச்செவேலென்ற இந்தக் கறியும் தொங்கும். கடைக்காரர் வட்டமான தடித்த மரக்கட்டையில் வைத்து 'டக் டக்' என்று வெட்டித் தருவார். வாங்குகிறவர்கள் "பாதி கொழுப்பு, பாதி கறி, ஓரம் கொஞ்சம் கருகினதாப் போடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். அந்தக் கருகிய ஓரத்துக்குத்தான் போட்டி. திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் வீட்டில் ஒருவர் கடைக்கு ஓடுவார். சோறு வீட்டில், கறி கடையில்.

அப்படியானால் வீட்டுக்குள் எப்படி வந்தது?

எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ' என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தார்கள். ஆகவே புரோட்டாவிலிருந்து போகிறேன். நம்மூரில் யார் வீட்டில் புரோட்டா போட்டார்கள்? ராத்திரி கடைக்குப் போய், சால்னாவைப் பையில் கட்டி வாங்கி வருவதுதானே வழக்கம்? என் மகளோ இன்று கலிபோர்னியாவில் சமையல்மேடையில் எண்ணெய் தடவி மாவை வீசி அடிக்கிறாள். அவள் அம்மாவுக்கு அது தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. கடை இல்லாத ஊருக்குப் போனவள் கற்றுக்கொண்டாள். சார் சியூவின் கதையும் இதுதான். ஆனால் அதில் கண்ணீர் அதிகம்.

கலிபோர்னியாவில் 1848-ல் தங்கம் கிடைத்தது. செய்தி கேட்டுக் குவாங்டாங்கின் தாய்ஷான் பகுதியிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் ஆண்கள் கப்பலேறினார்கள். 1852-ல் மட்டும் ஏறக்குறைய 20,000 பேர் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். அந்த ஊருக்குச் சீனர்கள் வைத்த பெயரே 'பழைய தங்கமலை'. தங்கம் வற்றியதும் ரயில் பாதை போட்டார்கள். 1869-ல் முடிந்த அந்தப் பாதைக்கு மலையைக் குடைந்தவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். வேலை முடிந்ததும் வெறுப்பு வந்தது. 1875-ல் ஒரு சட்டம் சீனப் பெண்கள் வருவதை ஏறக்குறைய அடைத்துவிட்டது. 1882-ல் இன்னொரு சட்டம் சீனத் தொழிலாளர்கள் எவரும் வரக்கூடாது என்றது. 1890 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் சீன ஆண்கள் 1 லட்சத்துக்கும் மேல், பெண்கள் 4,000-க்கும் குறைவு. எண்ணிப் பாருங்கள். மனைவி ஊரில், கணவன் இங்கே துணி வெளுக்கும் கடையில். பல பேர் ஊர் திரும்பாமலே செத்தார்கள். சீனர் தெருவில் கறிக்கடை இருந்தது. வீடுதான் இல்லை.

1943-ல் அந்தத் தடைச் சட்டத்தை நீக்கினார்கள், அதுவும் ஆண்டுக்கு 105 பேர் மட்டும் என்ற கணக்கில். 1965-ல் வந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் குடும்பம் குடும்பமாக வர வழி பிறந்தது. அமெரிக்க வீடுகளில் அடுப்புக்குக் கீழேயே பெரிய ஓவன் இருக்கும். குடும்பமும் ஓவனும் ஒரே கூரைக்குக் கீழ் சேர்ந்தபோதுதான் சார் சியூ வீட்டுச் சமையலாகப் பரவியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

கூரை என்றதும் நினைவுக்கு வருகிறது. சீன மொழியில் 'வீடு', 'குடும்பம்' இரண்டுக்கும் ஒரே எழுத்து. அந்த அம்மாவின் பேத்தி எனக்கு எழுதிக் காட்டினாள். மேலே ஒரு கூரை, அதன் கீழே பன்றி. அவ்வளவுதான் எழுத்து.

அதைப் பார்த்ததும் எனக்கு 1980-களின் ஒரு மதிய உணவு வேளை நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தூக்குவாளியை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். மற்றவர்கள் எட்டிப் பார்த்து "பன்னிக்கறி, பன்னிக்கறி" என்று கத்தினார்கள். நான் கத்தியவர்களை அதட்டவில்லை. அவனை வேறு இடத்தில் போய் உட்காரச் சொன்னேன். அன்று இந்த எழுத்து எனக்குத் தெரிந்திருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை. எழுத்து தெரியாமலும் செய்திருக்க வேண்டியதைத்தானே செய்யவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், தவறு என்னுடையது.

சரி, அடுப்புக்கு வருகிறேன். அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். தாய்ஷானில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, 1970-களின் கடைசியில் கணவருடன் அமெரிக்கா வந்தவர். முதலில் குடியிருந்தது நெவாடாப் பக்கம் ஒரு சிற்றூர். சீனக் கறிக்கடைக்குப் போக நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். செய்முறை சொல்லித்தர யாருமில்லை. நாக்கில் இருந்த ருசிதான் பாடப்புத்தகம். முதல் தடவை தேன் ஓவன் தரையில் சொட்டிப் புகைந்து, புகை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டாராம். அதன் பிறகே கீழ்த்தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் யோசனை வந்தது.

நான் பார்த்தது இது. கழுத்தை ஒட்டிய தோள்பட்டைக் கறி, கொழுப்பு ஊடே ஓடியிருக்க வேண்டும். மூன்று விரல் அகலக் கீற்று. சோயா சாஸ், இனிப்பான ஹொய்சின் சாஸ், பூண்டு, சர்க்கரை, ஐந்து மசாலாப் பொடி (அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு, நம் பிரியாணி மசாலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி), கொஞ்சம் ரோஜா மணக்கும் மது. பிறகு, ஜாடியில் ஊறிய சிவப்பு டோஃபு ஒரு துண்டு, மசித்தது. சிவப்பு வருவது இதிலிருந்துதான். அரிசியின் மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்தால் அரிசி ரத்தச் சிவப்பாகிவிடும். அந்த அரிசியில் ஊறியது இந்த டோஃபு. கடைகள் பலவற்றில் இப்போது சாயப்பொடி. "அது கண்ணுக்கு" என்றார் அந்த அம்மா.

ஓர் இரவு ஊறல். மறுநாள் ஓவனின் மேல்தட்டுக் கம்பியில் வளைத்த கொக்கிகளை மாட்டி, கீற்றுகளைத் தொங்கவிட்டார். 200 டிகிரி செல்சியஸ். முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் ஒரு கெட்டிப்பாகு, கரண்டியில் எடுத்தால் கம்பி இழுக்கிறது. அதை வெந்நீரில் இளக்கி இரண்டு மூன்று தடவை பூசினார். முக்கால் மணி நேரத்துக்குள் ஓரங்கள் கருகத் தொடங்கின. எடுத்தவுடன் வெட்டக்கூடாதாம். சாறு உள்ளே அடங்க வேண்டுமாம்.

ஓவன் இல்லாதவர்கள் வாணலியிலேயே ஊறல் சாற்றோடு வேகவைத்து, சாறு சுண்டிப் பாகாகிக் கறியில் ஒட்டும்வரை புரட்டி எடுப்பதும் உண்டு. ஜப்பானுக்குப் போன இதே கறி பானைக்குள் இறங்கிவிட்டது. 1910-ல் டோக்கியோவின் அசகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென் என்ற கடைக்கு யோகோஹாமாவின் சீனர் தெருவிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்தார்கள். இன்று ராமென் நூடுல்ஸ் மேல் வைக்கும் 'சாஷூ' பெரும்பாலும் சோயா சாஸில் கொதித்து வெந்தது. பெயரில் மட்டும் நெருப்பு மிச்சமிருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம், வான்டன் நூடுல்ஸ் தட்டில் பார்த்திருப்பீர்கள். முஸ்லிம் நண்பர்களுக்குக் கோழிக்கறியில் செய்வதும் உண்டு.

ஒரு தட்டு எங்களுக்கும் வந்தது. என் துணைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நான்கு துண்டு சாப்பிட்டேன். கருகிய ஓரம் இரண்டு. வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று மகள் ஆறு புரோட்டா போட்டு, குருமாவோடு கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அந்த அம்மா பேத்தியை அழைத்துக்கொண்டு வந்து மகளிடம் கேட்டார், "இது உங்க அம்மா சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லைங்க. ஊர்ல கடையிலதான் வாங்குவோம்."

பேத்தி மொழிபெயர்த்து முடிப்பதற்குள்ளேயே அந்த அம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டார்.