பல்லாங்குழியும் படுவான்கரை வயலும்

பல்லாங்குழியைப் பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நிலம் கைமாறும் விதத்தை இதைப்போலத் துலக்கமாகக் காட்டும் விளையாட்டு நம்மிடம் வேறில்லை. 2000இல் ஜெர்மனியில் வெளிவந்த கார்கசோன் என்ற விளையாட்டில் அட்டைச் சதுரங்களை அடுக்க அடுக்க வயலும் ஊரும் விரிகின்றன. வைத்த சதுரம் வைத்ததுதான். பல்லாங்குழியிலோ தோற்றவரின் வயல் சுருங்குகிறது. பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் இதில் தனிச்சொத்துரிமையின் பிறப்பைக் கண்டார். இலங்கையின் மட்டக்களப்பு வாவிக் கரையின் வேளாண்மை வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால், சொத்து பிறந்த கதையோடு கடன் வளர்ந்த கதையும் அதில் தெரிகிறது.

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து காய் என்று வைத்தால் ஆளுக்கு முப்பத்தைந்து. ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டே போக வேண்டும். நான்கு காய் சேர்ந்த குழி ‘பசு’. அது குழிக்கு உரியவருக்கு. முதல் ஆட்டம் முடிகையில் ஒருவரிடம் இருபத்துமூன்று காய்தான் மிஞ்சியது என்று கொள்வோம். அடுத்த ஆட்டத்தில் அவரால் நான்கு குழிகளையே நிரப்ப முடியும். மற்ற மூன்றும் மூடப்படும். வென்றவர் ஏழையும் நிரப்பிவிட்டுப் பன்னிரண்டு காயைக் கையிருப்பாக வைத்துக்கொள்வார். சமமாகத் தொடங்கியவர்கள் இனிச் சமமாக ஆட முடியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நடந்ததும் இதுவே. போடியார் நிலமும் விதைநெல்லும் கொடுப்பார், முல்லைக்காரர் பாடுபடுவார், இடையில் சாப்பாட்டுக்கு வாங்கிய நெல், சூடு மிதித்த களத்திலேயே வட்டியோடு கழியும். பங்கு குறைந்தவர் அடுத்த போகத்துக்கும் கடனோடுதான் இறங்குவார்.

இந்த வகை விளையாட்டு ஆப்பிரிக்கா முழுவதும் உண்டே, இதைத் தமிழ் வயலோடு கட்டுவது எப்படி என்று கேட்கலாம். இங்கேயே சிங்களவர் குன்றிமணி கொண்டு புத்தாண்டில் ஆடும் ஒலிந்தக் கெலியவும் இதன் உறவுதான். நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய எச். பார்க்கர் 1909இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் அதைப் பதிவுசெய்திருக்கிறார். பல்லாங்குழி வயலில்தான் பிறந்தது என்பது என் வாதமன்று. எங்கே பிறந்திருந்தாலும், விதைத்துப் பிழைத்த மக்கள் தாம் வாழ்ந்த கணக்கை அதில் கண்டுகொண்டார்கள் என்பதே வாதம். காய் குறைந்துபோனவர் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடுவதைக் ‘கஞ்சி’ என்று சொன்னவர்கள் பஞ்சம் அறிந்தவர்கள்.

பெண்கள் திண்ணையில் ஆடியதற்கும் களத்துக் கடனுக்கும் என்ன தொடர்பு என்பது அடுத்த கேள்வி. மட்டக்களப்பைப் பொறுத்தவரை இதற்கு விடை தெளிவானது. தாய்வழிக் குடிமுறை நிலவும் இந்தக் கரையில் வீட்டையும் வயலையும் மகளுக்கே சீதனமாகக் கொடுத்தார்கள். நிலத்துக்கு உரியவளாகப் போகும் பெண்ணுக்குக் கையிருப்பையும் இழப்பையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் நிற்கும் என்று நான்கு கை முன்னாலேயே கணிப்பவளே இதில் வெல்வாள். தாயக்கட்டையின் அதிர்ஷ்டம் இங்கே செல்லாது.

ஆனாலும் பலகை வாழ்க்கையைவிட இரக்கமுள்ளது. மூன்று குழி மூடப்பட்டவரும் நன்றாக ஆடினால் அவற்றை மீட்டுக்கொள்ளலாம். குத்தகை விவசாயிக்கு அந்த வாய்ப்பு அரிது. அவரைக் காக்க 1958இல் நெற்காணிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வயலின் வரலாற்றைக் காணி உறுதிகளிலும் அரச அறிக்கைகளிலும் மட்டும் தேடினால் போதாது. ஊருக்கு ஊர் மாறும் பல்லாங்குழி விதிகளை நம் மூத்த பெண்களிடம் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.