நேற்றைய தாளே நாளைய சாட்சி

காலையில் பரபரப்பு, மாலையில் பொட்டலம். செய்தித்தாளின் ஆயுள் அவ்வளவே! கொடுமைக்காரர்களுக்கு இந்த மறதியே பெருந்துணை. அன்றாடம் நடப்பதை, "என்றோ ஒரு நாள் நடந்தது" என்று அவர்கள் சாதித்துவிடலாம். ஆனால் பழைய தாள்களைச் சேர்த்து, அடுக்கி, எண்ணிப் பார்ப்பவர் முன்னால் அந்தச் சாதிப்பு நிற்காது. அமெரிக்க வரலாறு இதற்குச் சான்று.

அங்கே அடிமை முறை கோலோச்சிய நாளில், "ஆண்டைகள் அன்பானவர்கள், அடிமைகளுக்கு ஒரு குறையுமில்லை" என்றனர் தென்மாநிலத்தார். தியோடர் வெல்டு, அவர் துணைவியார் ஏஞ்சலினா கிரிம்கே, ஏஞ்சலினாவின் தமக்கை சாரா ஆகிய மூவரும் இதற்கு மறுப்பைத் தென்மாநிலத்தார் நடத்திய இதழ்களிலேயே தேடினர். நியூயார்க் படிப்பகம் ஒன்று கழித்துப் போட்ட தாள்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கத்தரித்தனர். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத்தர விளம்பரம் கொடுத்த ஆண்டை, அடையாளமும் கொடுத்திருந்தான்: முதுகிலே சவுக்குத் தழும்பு, முகத்திலே சூட்டுக்கோல் எழுத்து, அறுபட்ட காது. ஒரு விளம்பரமென்றால், ஒரு கொடியவன் செயலென்று ஒதுக்கலாம். வரிசை வரிசையாக வந்தால்? 1839-இல் அவை நூலாயின. ஆண்டைகளின் கையெழுத்தே ஆண்டைகளுக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று!

1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது, கொடுமை ஒழிந்ததா? இல்லை. கும்பல் கொலையாக அது வேடம் மாற்றிக்கொண்டது. "வெள்ளைப் பெண்களின் மானம் காக்கவே கொல்கிறோம்" என்றனர். நல்லவர்களும் நம்பினர்.

1892 மார்ச்சில், மெம்பிஸ் நகரில் ஒரு மளிகைக் கடையைச் சேர்ந்த கறுப்பினத்தவர் மூவரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். எந்தப் பெண்ணும் அவர்கள்மீது புகார் கூறவில்லை. வெள்ளையர் கடைக்கு அவர்கள் கடை போட்டியாக இருந்தது! கொல்லப்பட்டவருள் ஒருவர் ஐடா வெல்ஸ் அம்மையாரின் நண்பர். 1862-இல் அடிமையாகப் பிறந்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, இதழாசிரியரானவர் அம்மையார். உண்மையை எழுதினார், அவர் வெளியூர் சென்றிருந்தபோது இதழின் அலுவலகத்தைச் சூறையாடினர்.

அலுவலகத்தை உடைக்கலாம், கணக்கை உடைக்க முடியுமா? வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த கும்பல் கொலைப் பட்டியலை அம்மையார் எடுத்துக்கொண்டார். கறுப்பினத்தவர் ஏட்டைக் காட்டினால் மிகை என்பார்கள். தங்கள் ஏட்டையே காட்டினால் என்ன சொல்வார்கள்? 1895-இல் வந்த அவரது நூலின்படி, 1892-இல் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 160 பேர். பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர் 46 பேர். முயன்றதாகச் சொல்லப்பட்டவரைச் சேர்த்தாலும் 57 பேரே! அதுவும் கும்பலின் குற்றச்சாட்டே தவிர, வழக்குமன்றம் கண்ட முடிவன்று. மானம் காத்த கதை எண்களின் முன் மண்ணாயிற்று.

ஒன்றை மறத்தலாகாது. ஏடு அச்சிடாத சாவு எண்ணிக்கையில் ஏறாது. ஏடு எழுதிய காரணம் பெரும்பாலும் கொன்றவன் சொன்ன காரணம். ஆகவே எண்ணுவது மட்டும் போதாது; எண்ணியதை ஐயுறவும் வேண்டும். அதுதான் பகுத்தறிவு.

1919-இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் முப்பது ஆண்டுக் கணக்கை வெளியிட்டது: 1889 முதல் 1918 வரை 3,224 பேர். 1922-இல் தடைச் சட்ட வரைவு கீழவையில் வென்று மேலவையில் மாண்டது. கும்பல் கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் பிறந்தது 2022-இல்! கணக்கு மட்டும் நீதி தந்துவிடாது. ஆனால் நீதி கேட்போர் கையில் கணக்கு இல்லையெனில், பொய்யனே வரலாற்றை எழுதுவான்.

தோழர்களே, இன்று செய்தி தாளில் மட்டுமா வருகிறது? கைப்பேசித் திரையில் நொடிக்கொன்றாய் வந்து நொடியில் மறைகிறது. படித்துப் பதறுவதோடு நில்லாதீர். நாள், ஊர், நிகழ்ச்சி, சொல்லப்பட்ட காரணம், சொன்னவர் யார் என ஐந்தையும் குறித்து வையுங்கள். ஆண்டு முடிவில் அடுக்கிப் பாருங்கள். 'எங்கோ, என்றோ' என்போருக்கு அந்த ஏடு பதில் சொல்லும்.