தால்ச்சர் கரியின் கடற்சுற்று

நெடுந்தீவில் நெடுங்காலம் டீசல் இயந்திரம் ஓடினால்தான் வெளிச்சம். தென்மேற்கே, எங்கள் கடலுக்கு அப்பால், தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல் மின்நிலையம். அதற்கான கரி ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து கப்பலேறும். பூம்புகார் கப்பல் கழகத்தின் ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ கப்பல்கள் பல ஆண்டுகள் சுமந்தது இந்த மாதிரிக் கரியைத்தான்.

குறுக்குவழி எங்கள் பாக்கு நீரிணை. ஆனால் இராமர் அணையில் ஆழம் சில மீற்றர்தான். அதனால் கரிக்கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையோரம் இறங்கி, தெய்வேந்திரமுனையைச் சுற்றி மன்னார் வளைகுடாவுக்குள் ஏறுகிறது. இந்தச் சுற்றைத் தவிர்க்க 12 மீற்றர் ஆழத்தில் வாய்க்கால் வெட்ட, 2005 ஜூலை 2 அன்று சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியது. வழக்கில் நின்றது. எங்கள் மீனவரின் கடலைக் கிளறும் வேலை அது. நின்றதில் எனக்கு நிம்மதிதான்.

தால்ச்சர் கரியில் கந்தகம் குறைவு, சாம்பல் மிகுதி. சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள நிலையங்கள் எரிக்கும் கரியில், காலாண்டுச் சராசரியாகச் சாம்பல் 34 சதவீதத்தைத் தாண்டக்கூடாதென்று 2014 ஜனவரியில் இந்தியா விதித்தது. கழுவலாம், கலக்கலாம். 40 சதவீதச் சாம்பலுள்ள உள்நாட்டுக் கரி 82 தொன்னுடன், 6 சதவீதமுள்ள இந்தோனேசியக் கரி 18 தொன் சேர்த்தால் கணக்கு சரி.

அடுப்பில் கணக்கு அவ்வளவு எளிதல்ல. களத்தில் இரண்டையும் படுக்கை படுக்கையாகப் பரப்பிக் குறுக்காக அள்ளுவார்கள், அல்லது இரு ஓடும் பட்டைகளிலிருந்து அளவாக ஒரே பட்டையில் விழவிடுவார்கள். இந்தோனேசியக் கரி ஈரமானது. ஆனாலும் சட்டெனப் பற்றும், குவியலிலேயே புகையும். தால்ச்சர் கரி மெதுவாக எரியும். கலவை ஒருசீராக இல்லாவிட்டால் ஒன்று முந்தும், மற்றது எரியாமல் சாம்பலோடு போகும். நன்றாக எரிந்தாலும் அந்த 82 தொன்னின் சாம்பல் ஒரு கிலோவும் குறையாது. புகைபோக்கியின் மின்வடிகட்டி பிடித்ததில் ஒரு பகுதி சீமெந்துக்குப் போகும், மற்றது கடலோரச் சாம்பல் குட்டைக்கு.

2020 மே மாதம் அந்த 34 சதவீத வரம்பையே நீக்கிவிட்டார்கள். 2022இல் கரித் தட்டுப்பாடு வந்தபோது, 10 சதவீதம் இறக்குமதிக் கரி கலக்கச் சொன்னது மின்துறை அமைச்சு. மன்னார் வளைகுடாவில் வலை வீசும் இரு கரை மீனவருக்காகவும் அந்தச் சாம்பல் வரம்பு திரும்ப வரவேண்டும்.