செல்பேசி கோபுர ஆன்டெனாக்களின் திசையும் சாய்வும்: கண்காணிக்கப்படுவது எப்படி?

பெங்களூரு: மொட்டைமாடியில் நின்றால் செல்பேசி கோபுரம் கண்ணெதிரே தெரிகிறது, வீட்டுக்குள் வந்தால் அழைப்பு அறுந்துபோகிறது. பெங்களூருவில் அடிக்கடி கேட்கும் இந்தக் குறைக்கு நெரிசல், உயரமான கட்டடங்களின் தடை எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, ஆன்டெனா தான் நோக்க வேண்டிய திசையிலிருந்து சில டிகிரி விலகி நிற்பதாகும். இந்த விலகல் எவ்வாறு நேர்கிறது, எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பதன் விவரம் வருமாறு:

நான்கு அளவுகள்

ஓர் ஆன்டெனாவின் நிலையை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன. தரையிலிருந்து அதன் உயரம், உண்மை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகக் கணக்கிடப்படும் திசைக்கோணம், கீழ்நோக்கிய சாய்வுக்கோணம், இடம் வலமாகச் சரியாமல் நிற்கும் செங்குத்து நிலை ஆகியவையே அவை.

பொதுவாக ஒரு கோபுரத்தைச் சுற்றியுள்ள பரப்பு தலா 120 டிகிரி கொண்ட மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டெனா பொருத்தப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஆன்டெனாவின் அலைவீச்சு கிடைமட்டத்தில் சுமார் 65 டிகிரி அகலமுடையது. செங்குத்து வாக்கில் அது சில டிகிரி மட்டுமே. எனவே சாய்வில் ஏற்படும் சிறு பிழையும் பெரிய விளைவைத் தருகிறது.

சான்றாக, 30 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனா 6 டிகிரி சாய்ந்திருந்தால், அதன் அலைவீச்சின் மையம் சமதளத்தில் ஏறத்தாழ 285 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். சாய்வு 4 டிகிரியாகக் குறைந்தால் அந்தத் தொலைவு 429 மீட்டராகவும், 2 டிகிரியானால் 859 மீட்டராகவும் நீளும். அருகிலுள்ள வீடுகளில் சமிக்ஞை குறைவதோடு, அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் அலைகள் புகுந்து குறுக்கீடும் உண்டாகும். திசைக்கோணத்தில் 10 டிகிரி பிழை நேர்ந்தால், 500 மீட்டர் தொலைவில் அலைவீச்சின் மையம் சுமார் 88 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும்.

விலகல் ஏன்?

பலத்த காற்று, தளர்ந்த போல்ட்டுகள், துருப்பிடித்த தாங்கிகள், பராமரிப்புப் பணியின்போது ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவராமை ஆகியவை முக்கியக் காரணங்கள். பெங்களூருவில் ஏராளமான ஆன்டெனாக்கள் கட்டட மாடிகளில் நடப்பட்ட குட்டையான கம்பங்களில் உள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையுடன் வீசும் சூறைக்காற்று, மரங்களைச் சாய்ப்பதுபோல் இந்தக் கம்பங்களையும் சோதிக்கிறது.

பொருத்தும் நாளிலேயே பிழை நேர்வதும் உண்டு. காந்த ஊசித் திசைகாட்டி கோபுரத்தின் எஃகால் ஈர்க்கப்பட்டுத் தவறான திசையைக் காட்டக்கூடும். காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாடு தென்னிந்தியாவில் மிகச் சிறியது என்பதால், இங்கு எஃகினால் வரும் பிழையே கூடுதல் கவலைக்குரியது.

கண்காணிக்கும் முறைகள்

* நேரடி ஆய்வு: பணியாளர் கோபுரத்தில் ஏறித் திசைகாட்டி, சாய்வுமானி ஆகியவற்றால் அளப்பது. இது பழைய முறை. உயரத்தில் பணியாற்றுவதால் உயிருக்கு ஆபத்து உண்டு. அளந்த நாளின் நிலையை மட்டுமே இது காட்டும்.

* செயற்கைக்கோள் வழி அளவி: ஆன்டெனாவின் மீது தற்காலிகமாகப் பொருத்தப்படும் கருவி. குறிப்பிட்ட இடைவெளியில் உள்ள இரண்டு ஏற்பிகளுக்கு ஜி.பி.எஸ். உள்ளிட்ட செயற்கைக்கோள் சமிக்ஞைகள் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு உண்மை வடக்கைக் கணிக்கிறது. எஃகு இதனைப் பாதிப்பதில்லை.

* நிலையான உணரி: ஆன்டெனாவிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்படுவது. புவியீர்ப்பின் திசையை உணரும் முடுக்கமானி சாய்வையும் பக்கச் சரிவையும் அளக்கிறது. நிர்ணயித்த வரம்பு மீறப்பட்டால் கட்டுப்பாட்டு மையத்துக்கு எச்சரிக்கை செல்கிறது.

* டிரோன் படங்களும் தரவுப் பகுப்பாய்வும்: டிரோன் எடுக்கும் படங்களிலிருந்து ஆன்டெனாவின் நிலை கணிக்கப்படுகிறது. செல்பேசிகள் அனுப்பும் சமிக்ஞை அளவுகளை வரைபடத்தில் பதிந்து, பரவல் திட்டமிட்ட திசையில் உள்ளதா என்றும் சோதிக்கப்படுகிறது.

தொலைவிலிருந்தே சாய்வை மாற்றும் வசதி இப்போது பரவலாக உள்ளது. ஆயினும் அது ஆன்டெனாவின் உள்ளே அலைகளின் கட்டத்தை மாற்றி, அலைவீச்சை மட்டுமே சாய்க்கிறது. கம்பம் 3 டிகிரி சரிந்தாலும் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் பழைய எண்ணே தெரியும். எனவே தனி உணரி தேவைப்படுகிறது. ஆன்டெனா இடைமுகத் தரநிலைக் குழு என்னும் தொழில்துறை அமைப்பு, தொலைவழிச் சாய்வுக் கட்டுப்பாட்டுடன், நிலையறியும் உணரிகளுக்கும் பொதுவான தரநிலைகளை வகுத்துள்ளது.

கதிர்வீச்சு விதிகளுடன் தொடர்பு

ஆன்டெனாவின் நிலை, சேவைத் தரத்தோடு நின்றுவிடுவதில்லை. மின்காந்தக் கதிர்வீச்சுக்கான சர்வதேசப் பரிந்துரை அளவில் பத்தில் ஒரு பங்கையே இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் வரம்பாகக் கடைப்பிடிக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது சதுர மீட்டருக்கு 0.45 வாட் ஆகும்.

ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் உள்ள கட்டடம் குறைந்தபட்சம் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பதையும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஓர் ஆன்டெனா எனில் 20 மீட்டர், இரண்டு எனில் 35 மீட்டர், நான்கு எனில் 45 மீட்டர் என அது நிர்ணயித்துள்ளது. ஆன்டெனா நோக்கும் திசையிலேயே இந்தத் தொலைவு கணக்கிடப்படுகிறது. திறந்தவெளியை நோக்கி வைக்கப்பட்ட ஆன்டெனா பக்கத்து மாடியை நோக்கித் திரும்பிவிட்டால், முன்னர் அளித்த சான்று உண்மை நிலையைக் காட்டாது.

விதிகளைப் பின்பற்றுவதாக நிறுவனங்களே சுயசான்று அளிக்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலகங்கள் அவற்றில் ஒரு பகுதியை நேரில் சோதிக்கின்றன. கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூருவில் இயங்குகிறது.

5ஜி வந்த பிறகும் தேவை

5ஜி ஆன்டெனாக்கள் பயனர் இருக்கும் பக்கம் அலைவீச்சைத் தாமே திருப்பவல்லவை. எனினும் அவை திருப்பக்கூடிய கோண எல்லை, ஆன்டெனா பொருத்தப்பட்ட நிலையைப் பொறுத்தது. கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணலைத் தட்டு ஆன்டெனாக்களில் உயர் அலைவரிசை வகைகளின் அலைவீச்சு 1 டிகிரிக்கும் குறுகியது. அங்கு சிறு அசைவும் இணைப்பைத் துண்டிக்கக்கூடும்.

உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான பி.எஸ்.என்.எல். 4ஜி வலையமைப்பு 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களுடன் 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இதற்கான ரேடியோ கருவிகளை வழங்கியது பெங்களூருவைச் சேர்ந்த தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது. கோபுரங்களின் எண்ணிக்கை கூடுந்தோறும், ஒவ்வொன்றிலும் ஆளேற்றிச் சரிபார்ப்பது கடினமாகும்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை

டிராய் அமைப்பின் சேவைத் தர விதிகளின்படி, அழைப்பு அறுபடும் விகிதம் 2 சதவீதத்துக்கு மேல் செல்லக்கூடாது. குறை இருப்பின் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், தீர்வு கிட்டாவிடில் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் முறையிடலாம். சமிக்ஞை எந்த நாளிலிருந்து குறைந்தது, அதற்கு முன் பலத்த காற்றோ கோபுரத்தில் பராமரிப்புப் பணியோ நிகழ்ந்ததா என்பதைக் குறிப்பிட்டால், ஆன்டெனாவின் நிலையைச் சோதிக்க வேண்டும் என்பது பொறியாளருக்கு எளிதில் புலப்படும்.

கதிர்வீச்சு குறித்து ஐயம் கொண்டோர், 2017-இல் தொடங்கப்பட்ட 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தித் தங்கள் இருப்பிடத்தில் அளவீடு செய்யக் கோரலாம்.