'சக்தி'க்கு நிரல்கள் தயாரான கதை

ஒரு நுண்செயலிக்குத் தன் கட்டளைத் தொகுதி மட்டுமே புரியும். இன்டெல் வகைக்குக் கம்பைல் செய்த நிரல் வேறு வகையில் அப்படியே ஓடாது. மூல நிரலை மறுபடி கம்பைல் செய்து, சோதித்து, பிழை நீக்க வேண்டும். மென்பொருள் துறையில் இதற்குப் பெயர் போர்ட்டிங். சென்னை ஐஐடியில் பிறந்த 'சக்தி' நுண்செயலிக்கும் இது இன்றியமையாத வேலை.

ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கியது. உரிமக் கட்டணம் இல்லாமல் யாரும் அதைப் பயன்படுத்தலாம். பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு 2014-இல் தொடங்கிய சக்தி திட்டத்துக்கு அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. சொந்தமாக ஒரு தொகுதியை வகுத்திருந்தால் ஒவ்வொரு நிரலையும் அந்தக் குழுவே தயார்செய்திருக்க வேண்டும். பொதுத் தொகுதி என்பதால், உலகில் எங்கோ ஒருவர் ரிஸ்க்-ஃபைவுக்காகச் செய்த திருத்தம் சென்னைக்கும் பயன்பட்டது.

வேலை அடியிலிருந்து மேலாக நடந்தது. 2017-இல் வெளியான ஜிசிசி 7 கம்பைலர் ரிஸ்க்-ஃபைவை ஏற்றது. 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15 கருநிரலும், அடுத்த மாதம் சி மொழியின் ஜிலிப்சி 2.27 நூலகமும் ஏற்றன. இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் தயாரான சக்தியின் 'ரைஸ்கிரீக்' சில்லு அதே ஆண்டு ஜூலையில் லினக்ஸை இயக்கிக் காட்டியது.

அடித்தளம் அமைந்த பிறகும் சிறு நிரல்களில் சிக்கல்கள் எழுந்தன. பழைய நிரல்களோடு வரும் 'கான்ஃபிக்.கெஸ்' கோப்புக்குப் புதிய நுண்செயலியின் பெயரே தெரியாது. அதைப் புதுப்பித்தால்தான் கம்பைல் தொடங்கும். சி மொழியின் 'கேர்' வகை இன்டெலில் எதிர்ம எண்ணையும் ஏற்கும், ரிஸ்க்-ஃபைவில் ஏற்காது. கோப்பு முடிந்ததைக் குறிக்கும் -1 அங்கே 255 ஆகிவிடும். கோப்பின் முடிவை அந்த வகை மாறியில் வாங்கிச் சோதிக்கும் நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இடையிடையே அசெம்பிளி வரிகள் எழுதப்பட்டிருந்தால் அவற்றைப் புதிதாகவே எழுத வேண்டும்.

திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய 'வேகா' நுண்செயலி வரிசையும் ரிஸ்க்-ஃபைவ்தான். அதன் 'தேஜஸ்32' சில்லு பொருத்திய ஏரிஸ் பலகைகளுக்கு ஆர்டுயினோ மென்பொருளிலேயே நிரல் எழுதலாம். ஆனால் பழைய ஆர்டுயினோ ஊனோ பலகைகளில் 'இன்ட்' 16 பிட், 32,767-ஐத் தாண்டாது. தேஜஸில் அது 32 பிட். பழைய எல்லையை நம்பி எழுதிய கணக்குகள் மாறிவிடும். பதிவகங்களை நேரடியாகத் தொடும் வரிகளும் மாற்றியெழுதப்பட வேண்டும். பொதுவான ஆர்டுயினோ கட்டளைகளால் எழுதியவை பெரும்பாலும் அப்படியே ஓடும்.

2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்த 'டிர்-வி' திட்டம் சக்தி, வேகா இரண்டையும் அரவணைத்தது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 ரிஸ்க்-ஃபைவை அதிகாரபூர்வமாக ஏற்று, பல்லாயிரம் தொகுப்புகளை ஆயத்தமாக வழங்கியது. மூல நிரல் திறந்திருந்ததால்தான் இத்தனை பேர் கூடி உழைக்க முடிந்தது. மூல நிரலை வெளியிடாத மென்பொருளை அதன் உரிமையாளரே போர்ட் செய்தாக வேண்டும். அதுவரை அது புதிய நுண்செயலியில் நேரடியாக ஓடாது.