பின்சந்து

போன ஆண்டு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது: வீட்டுவேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது, படியில் போகட்டும். கைகள் உயர்ந்தன. நான் உயர்த்தவில்லை, எதிர்க்கவும் இல்லை. என் வீடு நான்காம் மாடி. அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் அக்கா, விரகனூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருகிறார். அவர் தந்த நேரத்தில்தான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தேன்.

இந்தத் தீர்மானம் மதுரைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, நகரம் வெளிவீதிகளைத் தாண்டி விரிந்தது. நெருக்கமாக எழுந்த வீடுகளுக்கு முன்னால் வீதி, பின்னால் ஒரு குறுகிய சந்து. எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய அந்தச் சந்து வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். முன்வாசலில் கோலமிட்டவளும் பின்சந்தில் வாளி சுமந்தவளும் ஒரே வீட்டுக்காகத்தான் உழைத்தார்கள். ஆனால் இருவரும் எதிர்ப்பட்டுவிடாதபடி வீடே கட்டப்பட்டிருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வேண்டியிருந்தன.

பிறகு வந்தவை காம்பவுண்டு வீடுகள்: ஒரு கேட், ஒரு அடிகுழாய், வரிசையாகக் குடித்தனங்கள். குடம் சுமந்தே தேய்ந்த இடுப்புகளை அங்கே நான் பார்த்திருக்கிறேன். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், காவலாளி, ஜெனரேட்டர், குப்பை எடுக்க ஆள் என்று அடுக்குமாடி வந்தபோது பெண்களுக்குக் கிடைத்த ஆசுவாசம் உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

1898இல் அமெரிக்கப் பெண்ணியர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் இப்படியொரு கட்டடத்தைத்தான் கனவு கண்டார். வீடுகளுக்குள் சமையலறை இல்லை. கட்டடத்துக்குப் பொதுச் சமையலறை, குழந்தைகள் காப்பகம், சம்பளத்துக்குத் துப்புரவு செய்யும் தேர்ந்த பணியாளர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான வீடு அது. அந்தக் கனவில் சேவை மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. சேவை செய்பவருக்கான தொழில் மதிப்பு வரவில்லை. வேலை என் கையை விட்டுப் போனது, பெண்ணின் கையை விட்டுப் போகவில்லை.

சட்டமும் மெதுவாகவே வந்தது. தமிழகத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல் தனி நலவாரியம் அமைந்தது. 2018இல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயமானது. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான 2011ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் படியும் லிஃப்டும் 'பொது'. ஆனால் அந்தப் பொது, வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமானது.

கூட்டம் முடிந்த மறுநாள், மூச்சிரைக்க வந்து நின்ற அக்காவிடம், "அடுத்த கூட்டத்துல லிஃப்டைப் பத்திப் பேசுறேன்க்கா" என்றேன்.

"லிஃப்டு கெடக்கட்டும் டீச்சர். நாலு வீட்டு வேலை முடிய மதியம் ஆயிருது. ஒண்ணுக்குப் போக ஒரு இடம் கேட்டு வாங்கிக் குடுங்க, அது போதும்" என்றார்.

என் வீட்டில் இரண்டு கழிவறைகள். இரண்டையும் கழுவுவது அவர்தான். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் கேட்டதில்லை; நானும் சொன்னதில்லை. சங்கத்தின் தீர்மானம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, என் வீட்டுக்குள் ஒரு பின்சந்து இருந்திருக்கிறது.